யூரியா வேண்டாத லாரி: இன்டர்நேஷனல் புரோஸ்டார், மேக்ஸ்ஃபோர்ஸ் 13

அமெரிக்காவிலோ கனடாவிலோ செகண்ட் ஹேண்ட் லாரி தேடுகிறவர் கண்ணில் இந்த வண்டி எப்படியும் பட்டுவிடும். 2011, 2012 மாடல் இன்டர்நேஷனல் புரோஸ்டார். உள்ளே படுக்கை, வெளியே நல்ல பெயின்ட், பக்கத்தில் நிற்கிற அதே வயசு ஃப்ரைட்லைனரையும் கென்வொர்த்தையும்விட விலை குறைவு. அந்த ஊர் டிரைவர்களிடம் ஓட்டியதிலேயே மோசமான வண்டி எது என்று கேட்டால், முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் இதுவும் வந்துவிடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மேக்ஸ்ஃபோர்ஸ் 13 இன்ஜினோடு, புகையைச் சுத்தம் செய்யும் யூரியாக் கரைசலுக்கான தொட்டி இல்லாமல் வருகிற புரோஸ்டாரைச் சும்மா கொடுத்தாலும் யோசித்துத்தான் வாங்க வேண்டும். அதே புரோஸ்டாரில் கம்மின்ஸ் ஐ.எஸ்.எக்ஸ். இன்ஜின் இருந்தால் மற்ற பழைய வண்டிகளைப் பார்ப்பதுபோல் பார்த்து வாங்கலாம். மேக்ஸ்ஃபோர்ஸ் 13-லேயே பிற்பாடு யூரியா அமைப்போடு வந்தது ஒன்று உண்டு. அதை இரண்டுக்கும் நடுவில் வைக்கலாம்.

வண்டியின் மேல் பெரிய குறை இல்லை. 2006-ல் அறிமுகமான மூக்கு வைத்த வண்டி இது. முகப்பு சரிந்து இறங்குவதால் காற்றை நன்றாகக் கிழிக்கும், முன்னால் பார்வையும் தெளிவு. முன் சக்கரம் நன்றாக மடங்கும் என்பதால் குடோன் வாசலில் ரிவர்ஸ் எடுப்பது சுலபம். டயல்கள் கண்ணுக்கு நேராக இருக்கும், சுவிட்சுகள் கைக்கு எட்டும். கேபினுக்குள் உட்கார்ந்து பார்த்துவிட்டு மட்டும் வாங்குகிறவர் ஏமாறுவது இதனால்தான். கெட்டது எல்லாம் பானட்டுக்குக் கீழே இருக்கிறது.

பானட்டுக்குக் கீழேயும் அடிப்படை நல்லதுதான் என்பது வேடிக்கை. மேக்ஸ்ஃபோர்ஸ் 13-ன் பூர்வீகம் ஜெர்மனியின் மான் கம்பெனி. அங்கே டி26 என்று பெயர். 126 மி.மீ. போர், 166 மி.மீ. ஸ்ட்ரோக், வரிசையாக ஆறு சிலிண்டர், 12.4 லிட்டர். பிளாக்கை சி.ஜி.ஐ. என்கிற உறுதி கூடிய வார்ப்பிரும்பில் செய்திருப்பதால் எடை குறைவு. இன்டர்நேஷனல் லாரிகளைக் கட்டிய நாவிஸ்டார் கம்பெனி இதை அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஹன்ட்ஸ்வில்லில் தயாரித்து அந்த லாரிகளில் பூட்டியது. இதே குடும்பத்து இன்ஜின் ஐரோப்பாவில் மான் லாரிகளில் நல்ல பெயரோடு ஓடுகிறது. ஆக, கிராங்க் மேலும் பிளாக் மேலும் பழி போட முடியாது. வினை வந்தது அதன்மேல் ஏற்றி வைத்த புகைக் கட்டுப்பாட்டு அமைப்பால்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையான இ.பி.ஏ. 2010 மாடல் முதல் ஒரு வரம்பு வைத்தது. இன்ஜின் ஒரு குதிரைசக்தியை ஒரு மணி நேரம் கொடுத்தால், வெளியே விடும் நைட்ரஜன் ஆக்சைடு 0.20 கிராமைத் தாண்டக் கூடாது. இந்த வாயு, சிலிண்டருக்குள் சூடு ஏற ஏற அதிகமாக உண்டாகும். அதைக் குறைக்க இரண்டு வழி. ஒன்று, இன்ஜினை நன்றாகச் சூடாக எரியவிட்டு, வருகிற புகையில் யூரியாக் கரைசலைப் பீய்ச்சி சைலன்சரிலேயே வாயுவை முறிப்பது. இதுதான் எஸ்.சி.ஆர். இன்னொன்று, வெளியேறும் புகையில் ஒரு பங்கைக் குளிரவைத்துத் திரும்பவும் சிலிண்டருக்குள்ளேயே அனுப்புவது. உள்ளே ஆக்சிஜன் குறையும், சூடு தணியும், வாயுவும் குறையும். இதற்குப் பெயர் இ.ஜி.ஆர். ஆனால் ஆக்சிஜன் குறைந்தால் டீசல் முழுசாக எரியாது, கரி கூடும்.

வால்வோ, டைம்லர், பேக்கார், கம்மின்ஸ் எல்லாரும் அளவான இ.ஜி.ஆரையும் எஸ்.சி.ஆரையும் சேர்த்துக்கொண்டார்கள். நாவிஸ்டார் மட்டும் இ.ஜி.ஆர். ஒன்றே போதும் என்று ஒற்றைக்காலில் நின்றது. விற்கும்போது சொன்ன வாதம் டிரைவர் காதுக்கு இனிமையானது. யூரியா வாங்க வேண்டாம், ஊற்ற வேண்டாம், தொட்டியின் எடை இல்லை, மைனஸ் 11 டிகிரியில் உறைந்துபோகும் தண்ணியோடு பனிக்காலத்தில் மல்லுக்கட்ட வேண்டாம். யாருக்குத்தான் பிடிக்காது?

சிக்கல் என்னவென்றால் அந்த இன்ஜின் 0.20-ஐ எட்டவேயில்லை. முந்தைய வருஷங்களில் சட்டம் கேட்டதைவிடச் சுத்தமான இன்ஜின்கள் விற்றுச் சேர்த்துவைத்த வரவுப் புள்ளிகளைக் கழித்துக்கொண்டுதான் கம்பெனி இதை விற்றது. 2012-ல் புள்ளிகள் தீரும் நிலை வந்தபோது, இன்ஜினுக்கு 1,919 டாலர் வரை அபராதம் கட்டி விற்கலாம் என்று இ.பி.ஏ. ஒரு இடைக்கால விதி போட்டது. போட்டியாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஜூன் மாதம் அந்த விதி ரத்தானது. ஜூலையில் நாவிஸ்டார் தன் பிடிவாதத்தை விட்டு எஸ்.சி.ஆருக்கு மாறுவதாக அறிவித்தது. ஆகஸ்டில் தலைமை அதிகாரி விலகினார். அந்த வருஷக் கடைசியில் கம்மின்ஸ் 15 லிட்டர் இன்ஜினோடு புரோஸ்டார் வரத் தொடங்கியது. 2013-ல் மேக்ஸ்ஃபோர்ஸ் 13-ம் யூரியாத் தொட்டியோடு வந்தது. ஆகவே தவிர்க்க வேண்டியது ஏறக்குறைய மூன்று வருஷத்து வண்டிகள்.

யூரியா ஊற்றும் வேலையை டிரைவரிடமிருந்து எடுத்து ரேடியேட்டரின் தலையில் கட்டினார்கள் என்று சொன்னால் விஷயம் புரிந்துவிடும். சைலன்சருக்குப் போக வேண்டிய சூட்டில் பெரும் பங்கு திரும்பி இன்ஜினுக்கே வருகிறது. அந்தப் புகையைக் குளிரவைக்க ஒரு இ.ஜி.ஆர். கூலர் போதாமல் இரண்டு. காற்றை அழுத்த இரண்டு டர்போ வரிசையாக, அவை இரண்டுக்கும் நடுவே இன்னொரு கூலர். இத்தனையையும் குளிரவைக்க வழக்கமான ரேடியேட்டரோடு தாழ்ந்த சூட்டுக்கென்று தனி ரேடியேட்டர். எண்ணிப் பார்த்தால் கூலன்ட் கசியக்கூடிய ஜாயின்ட், ஓஸ், கிளாம்ப் மட்டுமே ஒரு தனிப் பட்டியல் ஆகும்.

இவற்றில் முதலில் போவது இ.ஜி.ஆர். கூலர். ஐந்நூறு, அறுநூறு டிகிரியில் புகை ஒரு பக்கம் நுழைகிறது. மெல்லிய தகட்டுக்கு மறுபக்கம் தொண்ணூறு டிகிரியில் கூலன்ட் ஓடுகிறது. மேடு ஏறும்போது தகடு விரியும், இறக்கத்தில் சுருங்கும். ஆயிரக்கணக்கான தடவை இப்படி நடந்த பிறகு பற்றவைத்த ஓரத்தில் முடிபோல ஒரு விரிசல் விடும். புகை குளிரும்போது அதிலிருக்கும் கந்தக, நைட்ரிக் அமிலங்களும் உள்ளே படிந்து உலோகத்தை அரிக்கும். கரி படிந்து வழி அடைத்துக்கொள்வது தனிக் கதை.

விரிசல் விட்டபின் நடப்பது எந்தப் பக்கம் அழுத்தம் அதிகம் என்பதைப் பொறுத்தது. லோடு இழுக்கும்போது புகையின் அழுத்தம் அதிகம், அது கூலன்ட்டுக்குள் புகுந்து தொட்டியில் குமிழி விடும். வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்ததும் நிலைமை தலைகீழ். கூலன்ட் இன்னும் அழுத்தத்தில் இருக்கிறது, புகைப் பக்கம் காலி, எனவே கூலன்ட் அந்தப் பக்கம் கசிந்து இறங்கும். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தால் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை. கசிவு பெரிதாக இருந்து சிலிண்டருக்குள் தேங்கிவிட்டால் கதை அதோடு முடிந்தது. தண்ணி அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். கசிந்த கூலன்ட் பின்னால் போய் டி.பி.எஃப். என்கிற கரி வடிகட்டியையும் நாசம் செய்யும். அதன் விலை தனி.

தொட்டியில் குமிழி வந்தால் பட்டறைக்காரர் உடனே கூலரையோ, சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டையோ கைகாட்டிவிடுவார். அவசரப்படக் கூடாது. இந்த மாதிரி லாரிகளில் ஏர் பிரேக் கம்ப்ரசரும் கூலன்ட்டால்தான் குளிர்கிறது. அதன் ஹெட் கேஸ்கெட் போனாலும் காற்று கூலன்ட்டுக்குள் புகுந்து அதே குமிழியைக் காட்டும். பிரித்துப் பார்க்காமலே கண்டுபிடிக்கலாம். பிரேக்கை மிதித்து மிதித்து டேங்கில் காற்றை இறக்குங்கள். கம்ப்ரசர் ஏற்ற ஆரம்பிக்கும். அப்போது குமிழி வருகிறதா பாருங்கள். அழுத்தம் 120, 130 பி.எஸ்.ஐ. தொட்டு கம்ப்ரசர் தானாக விடுபடும் நேரத்தில் குமிழியும் நின்றால், குற்றவாளி கம்ப்ரசர். நிற்காமல் தொடர்ந்தால் கூலர் அல்லது ஹெட். தொட்டி வாயில் வைக்கும் நீல நிறச் சோதனைத் திரவம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினால் உள்ளே வருவது எரிந்த வாயு என்று உறுதி. ஆனால் கூலரா ஹெட்டா என்று அது சொல்லாது. அதற்கு ஒரே வழி, கூலரைக் கழற்றி, கூலன்ட் வாய்களை அடைத்து, காற்று ஏற்றி, வெந்நீரில் முக்குவது. பச்சைத் தண்ணியில் தெரியாத விரிசல் வெந்நீரில் திறந்துகொண்டு குமிழி விடும். கூலர்தான் என்று தெரிந்தால் ஒன்றை மட்டும் மாற்றாமல் இரண்டையும் மாற்றிவிடுவது உத்தமம். வேலைக்கூலி ஏறக்குறைய ஒரு தடவைதான், மற்றது அடுத்த மாசமே போவதற்கு வாய்ப்பு அதிகம்.

டிரைவரைத் தினம் தினம் படுத்துவது கூலர் அல்ல, கரி. டி.பி.எஃப். நிறைந்தால் அதை எரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். ரீஜென் என்பார்கள். புகைக் குழாயில் கொஞ்சம் டீசலைத் தெளித்து, 550 முதல் 600 டிகிரி வரை சூடேற்றி, பிடித்த கரியை எரிப்பது. நெடுஞ்சாலையில் நல்ல லோடோடு ஓடினால் இது தானாக நடந்துவிடும். ஊருக்குள் ஓடினாலோ, படுக்கையில் ஏ.சி.க்காக ராத்திரி முழுக்க, வண்டி நிற்க இன்ஜினை மட்டும் ஐடிலில் ஓடவிட்டாலோ நடக்காது. முதலில் விளக்கு எரியும், பிறகு மினுக்கும், பிறகு இன்ஜின் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும், கடைசியில் நின்றுவிடும். விளக்கு மினுக்குகிற கட்டத்திலேயே ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, எந்தப் பெடலையும் தொடாமல் ரீஜென் சுவிட்சை அழுத்த வேண்டும். இருபதிலிருந்து நாற்பது நிமிஷம் ஆகும். புகைக் குழாய் வாயில் அப்போது வருகிற சூடு சாதாரணம் அல்ல. காய்ந்த புல்லின் மேலோ பக்கத்து வண்டியின் தார்ப்பாய் ஓரத்திலோ நிறுத்திவிடக் கூடாது.

எல்லா டீசல் லாரியிலும்தான் ரீஜென் உண்டு என்பார்கள். உண்மைதான். எஸ்.சி.ஆர். வண்டியில் இன்ஜின் சூடாக எரிவதால் கரி குறைவு, ரீஜென்னும் அபூர்வம். இதில் கரி அதிகம், அதனால் அடிக்கடி வரும். யூரியா மிச்சம் பிடித்தது என்று சொன்ன காசு ரீஜென் டீசலிலும் நின்ற நேரத்திலும் போனது.

இன்னொரு கண்ணி இருக்கிறது. டி.பி.எஃப். விளக்கு அடிக்கடி எரிந்தால் டி.பி.எஃப்-ஐயே மாற்றச் சொல்லும் பட்டறைகள் உண்டு. பல நேரம் காரணம் அதற்கு முன்னால் இருக்கும். இரண்டு டர்போ, நடுவே கூலர் என்று நீளும் காற்றுக் குழாயில் ஒரு கிளாம்ப் தளர்ந்தால் போதும். காற்று குறையும், கரி கூடும், வடிகட்டி நிறையும். குழாயை அடைத்துக் காற்று ஏற்றி ஜாயின்ட்டுகளில் சோப்புத் தண்ணி தடவினால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஒட்டிக்கொண்ட இ.ஜி.ஆர். வால்வு, சொட்டுவிடும் இன்ஜெக்டர், டி.பி.எஃப். அழுத்தத்தை அளக்கும் சென்சாரின் மெல்லிய குழாயில் அடைப்பு ஆகியவற்றையும் பார்த்த பிறகே வடிகட்டியில் கைவைக்க வேண்டும். ரீஜென்னில் கரிதான் எரியும். இன்ஜின் ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாமல் தங்கிவிடும். அதைக் கழற்றி, சூளையில் சுட்டு, காற்றால் ஊதித்தான் எடுக்க முடியும். சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்பதும் இதனால்தான்.

இந்தக் கம்பெனிக்கு இது முதல் பாடமும் இல்லை. ஃபோர்டு பிக்கப் வண்டிகளுக்கு 2003 முதல் 2007 வரை கொடுத்த 6.0 லிட்டர் வி8 டீசலும் நாவிஸ்டார் கட்டியதே. தன் நடுத்தர லாரிகளில் அதற்கு வி.டி.365 என்று பெயர். முந்தைய 7.3 லிட்டர் இன்ஜினில் ஒரு ஹெட்டுக்கு 18 போல்ட் இருந்தது. இதில் 10 மட்டும். ஆயில் கூலரின் நுண்ணிய வழிகளில் கசடு அடைக்கும், அடுத்து இருக்கும் இ.ஜி.ஆர். கூலருக்குக் கூலன்ட் வரத்து குறையும், கூலர் வெந்து வெடிக்கும், பிறகு ஹெட் தூக்கும். தெரிந்தவர்கள் மீட்டரில் இரண்டு எண்ணை மட்டும் பார்ப்பார்கள். நெடுஞ்சாலையில் நிதானமாக ஓடும்போது ஆயில் சூடு, கூலன்ட் சூட்டைவிட 15 ஃபாரன்ஹீட் டிகிரிக்கு மேல் அதிகமாக இருந்தால் ஆயில் கூலர் அடைத்துவிட்டது என்று அர்த்தம். ஃபோர்டும் நாவிஸ்டாரும் இந்த இன்ஜின் விஷயத்தில் கோர்ட் வரை போய், 2009-ல் சமரசமாகிப் பிரிந்தார்கள். அதன் மறு வருஷமே இன்னும் பெரிய இ.ஜி.ஆர். கனவோடு மேக்ஸ்ஃபோர்ஸ் 13-ன் புது வடிவம் வந்தது என்பதை நினைத்தால் கொஞ்சம் ஆச்சரியம்தான்.

நம் ஊரில் மேக்ஸ்ஃபோர்ஸ் என்ற பெயரைக் கேட்டவர்கள் இருப்பார்கள். மஹிந்திரா நாவிஸ்டார் என்று சாக்கனில் கட்டிய எம்.என்.25, எம்.என்.31 வண்டிகளில் இருந்தது மேக்ஸ்ஃபோர்ஸ் 7.2 லிட்டர். பெயர்தான் ஒன்று, இன்ஜின் வேறு. அன்றைய இந்தியப் புகை விதியும் எவ்வளவோ தளர்வானது. 2012 டிசம்பரில் நாவிஸ்டாரின் பங்கை மஹிந்திரா வாங்கிக்கொண்டது. 7.2 லிட்டர் இன்ஜின் பிறகு மஹிந்திராவின் பிளேசோ லாரி வரை வந்தது. அமெரிக்க வண்டியின் கெட்ட பெயரை இதன்மேல் ஒட்டுவது அநியாயம்.

யூரியா வேண்டாம் என்ற விளம்பரமும் நமக்குப் புதிதில்லை. 2017-ல் பி.எஸ்.4 என்கிற புகை விதி நாடு முழுக்க வந்தபோது, அசோக் லேலண்ட் ஐ.இ.ஜி.ஆர். என்று யூரியா இல்லாமலே கொண்டுவந்தது. அப்படியானால் அதுவும் இதே கதையா என்று கேட்கலாம். எண்ணைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பி.எஸ்.4-ல் கனரக இன்ஜினுக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு ஒரு கிலோவாட்-மணிக்கு 3.5 கிராம். அமெரிக்காவின் 0.20-ஐ அதே கணக்குக்கு மாற்றினால் ஏறக்குறைய 0.27. பதின்மூன்று மடங்கு கடுமை. 3.5-ஐத் தொட மிதமான அளவு புகையைத் திருப்பி அனுப்பினாலே போதும், கூலருக்கு அத்தனை பாரம் இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்து வரம்பு 0.46-க்கு இறங்கியபோது அசோக் லேலண்டும் எஸ்.சி.ஆருக்குத்தான் போனது. இ.ஜி.ஆர். கெட்டது என்பதில்லை. எந்த அளவு வரை அதைப் பிழியலாம் என்பதுதான் கேள்வி. நாவிஸ்டார் அளவு தாண்டிப் பிழிந்தது.

தொல்லையை ஒழிக்கிறேன் என்று கிளம்பிய லாரிகளில் லேலண்ட் பஃபலோவையும் சொல்லியாக வேண்டும். அதில் இருந்தது 1968-ல் இங்கிலாந்தில் வந்த லேலண்ட் 500 வரிசை, 8.2 லிட்டர் இன்ஜின். ஹெட் கேஸ்கெட் போகிறது என்ற புகாருக்கு அவர்கள் கண்ட மருந்து, ஹெட்டையும் பிளாக்கையும் ஒரே வார்ப்பாக ஊற்றிவிடுவது. கேஸ்கெட்டே இல்லை என்றால் எங்கிருந்து போகும்? போகவில்லைதான். ஆனால் வால்வில் கைவைக்க வேண்டுமென்றால் கிராங்கையும் பிஸ்டனையும் இறக்கி, அடியிலிருந்து போக வேண்டியிருந்தது. மற்ற வண்டியில் ஒரு நாள் வேலை, இதில் இன்ஜினையே இறக்கும் வேலை. எண்ணூரில் அசோக் லேலண்ட் இந்தப் பக்கம் போகாமல் ஹெட் கழற்றுகிற இன்ஜின்களையே கட்டிக்கொண்டிருந்தது. காமெட் இன்ஜினை ரோட்டோரத்தில் பிரித்து ஹெட் மாற்றிய மெக்கானிக்குகளுக்கு அதன் அருமை தெரியும்.   

புரோஸ்டாருக்குத் திரும்பலாம். 2011 முதல் 2014 வரையிலான மாடல்களில் மேக்ஸ்ஃபோர்ஸ் 11, 13 இன்ஜின் வாங்கியவர்கள் கூட்டாகப் போட்ட வழக்கு 2019-ல் 13.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. வண்டிக்கு 2,500 டாலர் வரை ரொக்கம், அல்லது புது வண்டியில் 10,000 வரை தள்ளுபடி, அல்லது ரிப்பேர் செலவைக் காட்டி 15,000 வரை. இதெல்லாம் முன்பு வாங்கியவர்களுக்கு. இப்போது வாங்குகிறவருக்கு எதுவும் கிடைக்காது, வண்டியின் வியாதிதான் மிஞ்சும். கேட்டர்பில்லர் சி.டி.660 என்கிற டிப்பர் ரக வண்டிகளிலும் நாவிஸ்டார் கட்டிய இதே குடும்பத்து இன்ஜின்தான் சி.டி.13 என்ற பெயரில் இருந்தது. மஞ்சள் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்.

ஏற்கெனவே கையில் வைத்திருப்பவர் சிலருக்கு வருகிற யோசனை, இ.ஜி.ஆரையும் டி.பி.எஃப்-ஐயும் பிடுங்கிவிட்டு ஓட்டுவது. அமெரிக்கச் சட்டப்படி அது கூடாது, செய்துகொடுத்த பட்டறைக்கும் அபராதம் உண்டு, விற்கும்போதும் எவரும் வாங்க மாட்டார்கள். அதைவிட, கூலன்ட்டை மேனுவல் சொல்லும் நீண்டகால ரகமாக மட்டும் வைத்து, வேறு ரகத்தை அவசரத்துக்குக்கூடக் கலக்காமல் இருங்கள். ஐடிலைக் குறையுங்கள். ராத்திரிக்குச் சின்னத் தனி ஜெனரேட்டர் ஒன்று போட்டுக்கொண்டால் அந்தக் காசு டி.பி.எஃப்-இல் திரும்பிவிடும். ஒவ்வொரு ஆயில் மாற்றும்போதும் ஆயிலைச் சோதனைக்கு அனுப்புங்கள். சோடியமும் பொட்டாசியமும் ஏறினால் கூலன்ட் ஆயிலில் கலக்கிறது. ஈயமும் செம்பும் சேர்ந்து ஏறினால் பேரிங் தேய ஆரம்பித்துவிட்டது.

வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது வண்டியின் அடையாள எண்ணான வி.ஐ.என். எண்ணின் பத்தாவது எழுத்து. ஆங்கிலத்தின் பி என்றால் 2011, சி 2012, டி 2013, இ 2014. 2013 மாடலில் மூன்று விதமும் இருக்கிறது என்பதால் எழுத்தை மட்டும் நம்பாமல், டீசல் டேங்க் பக்கத்தில் நீல மூடி போட்ட யூரியா வாய் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இல்லாவிட்டால் இது அந்த வண்டி. அப்புறம் ரிப்பேர் பில்களைக் கேளுங்கள். இரண்டு கூலரும் மாற்றிய பில், டர்போ பில், டி.பி.எஃப். சுத்தம் செய்த பில் எதுவுமே இல்லாமல் ஏழெட்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தால், அந்தச் செலவெல்லாம் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரை மாட்டி, கடைசி ரீஜென்கள் எத்தனை மணிக்கு ஒரு தடவை நடந்திருக்கின்றன, எத்தனை பாதியில் நின்றிருக்கின்றன, மொத்த ஓட்டத்தில் ஐடில் எத்தனை மணி நேரம் என்று எடுத்துப் பார்க்க வேண்டும். பழைய கோளாறுப் பதிவுகளே இல்லாமல் முழுக்கத் துடைத்து வைத்திருந்தால் அதுவே சந்தேகத்துக்கு இடம்.

ஓட்டிப் பார்க்கும்போது வெறும் வண்டியாக ஓட்டினால் ஒன்றும் தெரியாது. லோடு பூட்டி, மேடு இருக்கும் ரோட்டில் குறைந்தது ஒரு மணி நேரம். திரும்பி வந்ததும் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக அந்த வாயிலேயே வையுங்கள். இன்ஜின் ஐடிலில் இருக்க, மூடி துள்ளி விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. பிறகு அணைத்துவிட்டு, கூலன்ட் தொட்டியின் மூடியைத் திறக்காமல், மட்டம் நிற்கும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, பானட்டைச் சாத்திச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில், இன்ஜின் முழுசாக ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். ஆறினால் மட்டம் சற்று இறங்கும், அது இயல்பு. விரல் அகலத்துக்கு மேல் இறங்கியிருந்தாலோ, ராத்திரி முழுக்க ஆறிய பின்னும் மேல் ஓஸ் கையால் அமுக்க முடியாமல் கல்லுபோல இருந்தாலோ உள்ளே எங்கோ புகை புகுந்திருக்கிறது. ஒரு ராத்திரி வண்டியை அப்படி விட்டுவைக்க விற்பவர் ஒப்புக்கொள்ளாவிட்டால், அடுத்த வரிசையில் நிற்கும் வண்டியைப் பார்க்கப் போய்விடலாம்.